வட்டார வள மையம்: யாருக்கு வளம்?

(நசரத்பேட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டேன். வட்டார வள மையம்னா என்னன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்கன்னேன். இவ்வளவு பேர்ல ரெண்டு கைதான் வந்தது. ஒருத்தர், ஆசிரியர் கையெழுத்து வாங்கின பேப்பரை அங்க கொண்டுபோய்க் குடுத்திருக்கார். இன்னொருத்தர், அது பக்கத்துல டீ குடிச்சிருக்கார். இதுல வெட்கப்பட வேண்டியது நீங்க இல்ல. இருபது வருசத்துக்கு மேல அந்த வள மையங்கள்ல ஆசிரியர் பயிற்றுநரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெட்கம் எனக்கு.

அது என்னன்னு முதல்ல சொல்லிடறேன். ஒவ்வொரு ஒன்றியத்திலும் பள்ளிக்கூடம் சம்பந்தமா ரெண்டு அலுவலகம் இருக்குது. ஒன்று வட்டாரக் கல்வி அலுவலகம். ஆசிரியருடைய சம்பளம், மாறுதல், விடுப்பு, தண்டனை எல்லாம் அங்க. முன்னாடி உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்னு சொல்வாங்க, 2018க்குப் பிறகு பேர் மாறிச்சு. இன்னொன்று வட்டார வள மையம். அதுக்குத் தண்டிக்கிற அதிகாரம் கிடையாது. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கிறது, பள்ளிக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்து என்ன சிக்கல்னு பார்க்கிறது, பள்ளிக்கே வராத பிள்ளையைத் தேடிப் பிடிக்கிறது, ஊனமுற்ற பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்றுநரையும் இயன்முறை மருத்துவரையும் ஏற்பாடு பண்றது, பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறது. இதெல்லாம் அதனுடைய வேலை. ஒன்றியத்துக்கு உள்ளேயே பத்துப் பதினைந்து பள்ளிகளைச் சேர்த்து குறுவள மையம்னு ஒன்று வைத்திருப்பார்கள். அங்கே ஆசிரியர்கள் கூடிப் பேசுவார்கள்.

இது வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆந்திராவில் 1980களில் இங்கிலாந்து அரசின் பணத்தில் நடந்த ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தில் 'ஆசிரியர் மையம்' என்று வைத்துப் பார்த்தார்கள். 1994இல் மைய அரசு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதுக்கு உலக வங்கிக் கடனும் வந்தது. பெண் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் தருமபுரி, திருவண்ணாமலை, தென்னாற்காடு பக்கம்தான் முதலில் போனார்கள். நம்ம செங்கல்பட்டுச் சீமை அதில் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறவன் படிச்சிருப்பான்னு ஒரு நினைப்பு. பூந்தமல்லி சாலையில கார்ல போறவனுக்கு சாலைதானே தெரியும், சேரி தெரியாதே. 2001-02இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்த பிறகுதான் எல்லா ஒன்றியத்துக்கும் வள மையம் வந்தது. 2018இல் அது 'சமக்ர சிக்‌ஷா' ஆயிற்று. நம்ம ஊர்ல ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வின்னு சொல்றோம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1960களிலேயே இந்த மாதிரி 20 மையங்கள் உண்டாக்கினார்கள். அவற்றுக்கும் பள்ளிகளை அதிகாரம் செய்கிற உரிமை கிடையாது, உதவி செய்கிற கடமை மட்டும்தான். அதிகாரம் இல்லாதவன் உதவி செய்ய வந்தால் ஆசிரியர் மனம் திறந்து பேசுவார் என்பதுதான் இதன் பின்னால் உள்ள யோசனை. நல்ல யோசனைதான். ஆனா சாதி இருக்கிற நாட்டுல, அதிகாரம் இல்லாதவன் பேச்சை யார் கேட்பான்? அதுக்குப் பிறகு வருகிறேன்.

நம்ம ஆளுங்களுக்கு இந்த மாதிரி ஒரு மையம் இந்தத் திட்டங்களுக்கெல்லாம் முன்னாடியே இருந்திருக்குது. 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். பிறகு இன்னும் சில பள்ளிகள் சேர்ந்தன. அந்தப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் மேற்பார்வையாளராக இருந்த கோர்ட்ரைட் அம்மையார், கிண்டர்கார்டன் முறையில் பாடம் நடத்த அங்கிருந்த ஆசிரியர்களைப் பழக்கினார். பறையர் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துகிறோம் என்று 1906இல் ஒரு சிறு புத்தகமே எழுதினார். நான்கைந்து பள்ளி, அவற்றுக்கு நடுவில் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர். வள மையம் என்றால் இதுதானே? அதுக்கு முந்தி, 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்கீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அதன் பேரில் வந்த நில அரசாணையை நாம எல்லாரும் பஞ்சமி நிலம்னு பேசறோம். அதற்கு அடுத்த வருசம், 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கென்று ஓர் அரசாணை வந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. நிலத்தைப் பறிகொடுத்த கதை நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தைப் பறிகொடுத்த கதையை இனிதான் எழுதணும். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்து பாடநூல் எழுதியவர் என்பதையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். நம்ம தலைவர்கள் வாத்தியார்களாகவும் இருந்தவர்கள்.

1919-20 வாக்கில் வெள்ளைக்கார அரசு தொழிலாளர் துறையை உண்டாக்கி, ஊர்ப் பள்ளியில் சேர்க்காத நம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளைத் திறந்தது. எங்க ஆயா அதை 'லேபர் ஸ்கூல்'னுதான் சொல்லும். அதுதான் பின்னால் அரிசன நலப் பள்ளி, இப்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளி. நான் படித்தது அப்படி ஒன்றில்தான். கூரை ஒழுகும். ஆனா எங்க வாத்தியார் எங்க தெருவிலேயே குடியிருந்தார். சாயங்காலம் சிலேட்டு எடுத்துக்கிட்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவோம்.

இந்தப் பள்ளிகள் கல்வித் துறையின் கையில் இல்லை. ஆதிதிராவிடர் நலத் துறையின் கையில் இருப்பவை. மாவட்ட நல அலுவலர், அவருக்குக் கீழே தனி தாசில்தார். தாசில்தார் வருவாய்த் துறை ஆள். பட்டா தெரியும், சிட்டா தெரியும். மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கு ஏன் வரலைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? சரி, அதுக்குத்தானே வள மையம்? பயிற்சிக்கு இந்தப் பள்ளி ஆசிரியரையும் கூப்பிடுவோம். ஆனா நான் பார்த்த வள மையங்களில், பள்ளிப் பார்வைக்குப் பட்டியல் போடும்போது 'அது அவங்க டிபார்ட்மெண்ட்'னு ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தையில சேரிப் பள்ளி பட்டியலின் கடைசிக்குப் போயிடும். கடைசியில் இருக்கிற பள்ளிக்கு மாசக் கடைசியில்தான் போவாங்க. மாசக் கடைசியில் அறிக்கை எழுதுற வேலை வந்துடும். அப்புறம் அடுத்த மாசம். இப்படி வருசக்கணக்கில் எந்தப் பயிற்றுநர் காலும் படாத பள்ளியை நான் பார்த்திருக்கேன்.

2023 மார்ச் மாதம் வரவுசெலவுத் திட்டத்தில் இந்தப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக அறிவித்தார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதில் வந்தன. நம்ம பக்கமே ரெண்டு கருத்து எழுந்தது. இணைச்சா நம்ம பிள்ளைகளுக்கென்று இருக்கிற பணியிடமும் நிலமும் நிதியும் கரைஞ்சு போகும்னு ஒரு சாரார். சாதிப் பேரை நெத்தியில் எழுதிக்கிட்டு நிக்கிற பள்ளி இன்னும் எத்தனை காலத்துக்குன்னு இன்னொரு சாரார். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும், 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளத்தை நீக்கவும் எல்லாவற்றையும் ஒரே துறைக்குக் கீழே கொண்டுவரவும் சொன்னது. என்னுடைய கருத்தைக் கேட்டால், துறை மாறுகிறதா என்பதைவிட யார் வந்து வகுப்பில் உட்காருகிறார்கள் என்பதைப் பார்க்கிறவள் நான். இணைச்சாலும் அந்தப் பள்ளி பட்டியலில் கடைசியிலேயே இருந்தா என்ன லாபம்? இணைக்காம விட்டு தாசில்தாரே பார்த்துக்கிட்டு இருந்தா மட்டும் என்ன வாழுது? நிலத்தையும் பணியிடத்தையும் எழுத்தில் உறுதி வாங்கிக்கிட்டு இணைக்கணும்ங்கறது என் கட்சி. இதுல உங்களில் பாதிப் பேர் என்னோட சண்டைக்கு வருவீங்க. வாங்க, கூட்டம் முடிஞ்சு பேசுவோம்.

வள மையத்தை வெறுமனே திட்டிவிட்டுப் போக நான் வரலை. ஒன்று சொல்றேன். செயல்வழிக் கற்றல்னு ஒன்று வந்தது ஞாபகம் இருக்குதா? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் பார்த்து எடுத்தது. இதை இங்கே முன்னெடுத்த அதிகாரி விஜயகுமார், அதற்கு முன் வேலூர் பக்கம் கொத்தடிமைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் இதைப் பழகியவர். ஏணிப்படி, அட்டைகள், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைங்க எழுதற கரும்பலகை. இதுல முக்கியமானது அட்டை இல்லை. வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்காரணும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்குப் போனேன். ஊர்ப் பள்ளி. ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் கலந்து படிக்கிறது. அந்த ஆசிரியர் எல்லாத்துக்கும் தலையாட்டினார். பாயில உட்காரும்போது மட்டும் முட்டி வலிக்குதுன்னார். நான் விடலை. சார், நானும் உட்காருறேன்னு சொல்லி உட்கார்ந்தேன். எனக்கு ஒரு பக்கம் நம்ம தெருப் பொண்ணு, அவருக்குப் பக்கத்துல நம்ம தெருப் பையன். அந்தப் பையன் அட்டையை எடுத்து அவர் கையில் குடுத்தான். அவர் வாங்கினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனா அந்தப் பையன் வீட்டுக்குப் போய், "எங்க சார் என்னாண்ட உக்காந்தாரு"ன்னு சொன்னதை அவங்க அம்மா மறுநாள் வாசல்ல வந்து என்கிட்ட சொன்னாங்க. அந்த முறையில் குறைகள் உண்டு. பின்னால் கைவிட்டும் விட்டார்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. எந்த முறை சிறந்ததுன்னு பண்டிதர்கள் பேசட்டும். வகுப்பறையில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை ஒரு பயிற்றுநர் மாற்ற முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் என்ன ஆச்சு? கணக்கு வந்தது. எமிஸ் வந்தது. எத்தனை பிள்ளைக்குச் செருப்பு, எத்தனை பிள்ளைக்குப் பை, ஆதார் எண் சேர்ந்ததா, போட்டோ ஏறினதா. ஆசிரியர்களைக் கல்விக்குப் புறம்பான வேலையில் போடக்கூடாது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் தவிர என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்லுது. கணக்கு ஏத்தறதும் கல்வி வேலைதான்னு சொல்லிச் சட்டத்தைச் சமாளிச்சுட்டாங்க. பள்ளிக்குப் போற பயிற்றுநர் வகுப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி தலைமையாசிரியர் அறையில போனை எடுத்து வைச்சுக்கிட்டு உட்காருவார். நானும் உட்கார்ந்தேன். உதவி மையமா பிறந்தது புள்ளிவிவர ஜன்னலா ஆயிடுச்சு.

இப்ப நான் சொல்லப்போறது என்னைப் பத்தி. வருசா வருசம் கோடைக்கு முன்னால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும். நம்ம திருவள்ளூர் மாவட்டத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியும். செங்கல் சூளைங்க, அரிசி ஆலைங்க. ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமா வருவாங்க. இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கிட்டுச் சூளைக்குப் போயிடுவாங்க. ஒடிசாப் பிள்ளைகளுக்கு அவங்க மொழியிலேயே பாடம் நடத்தச் சூளைப் பக்கத்திலேயே வகுப்பு நடத்தினது இந்த மாவட்டத்தில்தான். அதுல வள மையத்துக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனா ஒரு வருசம் நான் கணக்கெடுக்கப் போன ஒரு கிராமத்துல, ஏரிக்கரை ஓரம் நாலு இருளர் குடிசை. மூணு குடிசையில ஆள் இல்ல. மத்தியானம், நல்ல வெயில். இன்னும் அறுபது வீடு பாக்கி. படிவத்துல 'வீடு பூட்டியிருந்தது'ன்னு எழுதிட்டு வந்துட்டேன். ராத்திரி படிவத்தைச் சரிபார்க்கும்போதுதான் உறைச்சது. அந்தக் குடிசைக்குப் பூட்டே கிடையாது. கதவே கிடையாது, படல்தான். மூணு குடும்பத்துப் பிள்ளைங்க ஒரு வருசம் எந்தக் கணக்கிலும் இல்லாமப் போனதுக்கு என் கையெழுத்துதான் சாட்சி. மறுநாள் திரும்பிப் போனேனான்னு கேட்காதீங்க. போகலை. படிவம் மாவட்டத்துக்குப் போயாச்சு. இதை இத்தனை வருசம் யார்கிட்டேயும் சொன்னதில்லை.

நானே சேரியில பிறந்தவள். எனக்கே அப்படித்தான் கை எழுதியது. அலுவலகத்துக்குள்ள நம்ம ஆள் போயிட்டா போதும்னு நினைக்கிற தோழர்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். நாற்காலியில நம்ம ஆள் உட்கார்ந்தாலும் படிவம் அவங்களோடது. வெளியிலிருந்து கேட்க ஆள் வேணும்.

வெளியிலிருந்து கேட்டா என்ன நடக்கும்? அதுக்கும் ஒரு கதை இருக்கு. வேற ஒரு ஒன்றியம். சேரியில ஒன்பது வயசுப் பையன், மூளை முடக்குவாதம். அம்மா இடுப்பில தூக்கிக்கிட்டே திரிவாங்க. வள மையத்தில் வாரம் ஒரு நாள் இயன்முறை மருத்துவர் வருவார். பஸ் ஏறி அங்க போக அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவருக்கும் பயணத்துக்கும் படி உண்டு. அது உண்டுன்னு அவங்களுக்கு ரெண்டு வருசமா ஒருத்தரும் சொல்லலை. அதே சேரியில் இப்படி இன்னும் நாலு தாய்மார் இருந்தாங்க. இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா இருந்த ஒரு பொண்ணு, நம்ம தெருப் பொண்ணு, மாசம் ஆயிரம் ரூபாய்க்கு வேலை பார்த்தது. அதுதான் இந்த அஞ்சு பேரையும் சேர்த்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்தது. அந்தத் திட்டத்தை 2021இல் தொடங்கினப்ப ஆளாளுக்கு ஆயிரம் விமரிசனம் பண்ணினோம், நானும் பண்ணினேன். ஆனா அதுல வந்த பொண்ணுங்க சேரிக்குள்ளேயே இருந்தவங்க, அது பெரிய விசயம். அஞ்சு தாய்மாரும் தீர்மானம் போடச் சொன்னாங்க. என்ன தீர்மானம்? வாரம் ஒரு நாள் மருத்துவர் எங்க தெரு இரவுப் பள்ளிக் கட்டடத்துக்கு வரணும். தலைமையாசிரியர் தயங்கினார். தீர்மானப் புத்தகத்துல எழுதாம எழுந்திரிக்க மாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. எழுதினார். மூணு மாசம் அலைஞ்சாங்க. மருத்துவர் வந்தார். வாரா வாரம் இல்லை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. அவர் ஒப்பந்த ஊழியர், நாலு இடம் பார்க்கணும். இப்ப அந்தப் பையன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

ஒப்பந்த ஊழியர்னு சொன்னேன். அதையும் கவனிங்க. சேரிக்கு நிசமா வர்ற ஆட்கள் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர் இவங்கதான். இவங்களுக்குத்தான் தொகுப்பூதியம். 2024இல் மைய அரசு, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் பணம்னு சொல்லி, தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைச்சது. புதிய கல்விக் கொள்கையை நம்ம தலையில் கட்டறதுக்கு அது ஒரு வழி. எதிர்க்கணும், எதிர்க்கிறோம். ஆனா மேல நடக்கிற அந்தச் சண்டையில முதல்ல சம்பளத்துக்குத் தவிச்சவங்க இந்த ஒப்பந்த ஆட்கள்தான்.

இனி நீங்க செய்ய வேண்டியது. இந்த ஊரையே எடுங்க. பெங்களூர் சாலை, வெளிவட்டச் சாலை, பக்கத்துல திருமழிசை தொழிற்பேட்டை, சுத்தி இஞ்சினியரிங் காலேஜ். நம்ம பிள்ளைங்க அந்த காலேஜ் வாசல் வழியாத்தான் தினம் போறாங்க. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி பல பத்தாண்டுகளாக இருக்கு. அதுல நம்ம தெருப் பிள்ளை எத்தனை பேர் படிச்சாங்கன்னு ஒருத்தராவது கேட்டிருக்கோமா? வள மையத்துக்குப் போங்க. அது போலீஸ் ஸ்டேசன் இல்ல, பயப்பட வேண்டியதில்லை. மேற்பார்வையாளர்னு ஒருத்தர் இருப்பார். நம்ம தெருப் பள்ளிக்கு எந்தப் பயிற்றுநர் பொறுப்பு, கடைசியா எப்ப வந்தார்னு கேளுங்க. வாய்ல கேட்டா மழுப்புவாங்க, எழுதிக் குடுத்துக் கேளுங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவங்க எண்ணிக்கைக்குத் தக்க இடம் இருக்கணும்னு 2009 சட்டம் 21ஆம் பிரிவு சொல்லுது. உங்க பள்ளியில் அந்தக் குழுவுல யார் யார் பேர் இருக்குதுன்னு பாருங்க. சில இடத்துல பேர் இருக்கிற அம்மாவுக்கே தன் பேர் இருக்கிறது தெரியாது. கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போயிருப்பாங்க.

காலேஜ் படிக்கிற தம்பிங்க ஒண்ணு பண்ணலாம். அடுத்த கணக்கெடுப்புக்குப் பயிற்றுநர் வரும்போது நீங்க ரெண்டு பேர் அவர்கூட நடங்க. தண்ணி வாங்கிக் குடுங்க, வெயில்ல வர்றவர். சூளைக்குப் போன குடும்பம் எது, ஆலைக்குப் போன குடும்பம் எது, அந்தப் பிள்ளைங்க வயசு என்னன்னு உங்களுக்குத் தெரியும். அவர் பேனாவை எடுத்து 'வீடு பூட்டியிருந்தது'ன்னு எழுதப் போனா, கையைப் பிடிச்சு நிறுத்துங்க. அந்தப் பேனா என்னோடதா இருந்தாலும் சரி.